அகாலத்தில் அறுந்த கொடி: பெந்தெகொஸ்தே தீவு, பிப்ரவரி 1974

எடுத்துக்கொண்ட நிகழ்வு

1974 பிப்ரவரியில், தென் பசிபிக்கில் அப்போது நியூ ஹெப்ரிடீஸ் என்று அழைக்கப்பட்ட, இன்று வனுவாட்டு எனப்படும் தீவுக்கூட்டத்தின் பெந்தெகொஸ்தே தீவில், உயர்ந்த மரக்கோபுரம் ஒன்றிலிருந்து ஓர் ஆண் தலைகீழாகக் குதித்தார். இரு கணுக்கால்களிலும் ஒவ்வொரு காட்டுக்கொடி கட்டப்பட்டிருந்தது. இரண்டும் அறுந்தன. தரையில் மோதிய அவருக்கு முதுகெலும்பு முறிந்தது. பின்னர் மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. அந்தக் குதிப்பு பிரிட்டன் அரசி இரண்டாம் எலிசபெத்தின் வருகைக்காக ஏற்பாடு செய்யப்பட்டது. காலில் கொடி கட்டிக் குதிப்பது அந்தத் தீவில் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த சடங்கு. அதில் பதிவாகியிருக்கும் முதல் மரணம் அது.

இறந்தவரின் பெயரையும் ஊரையும் இங்கே எழுதவில்லை. அவர் செய்த பிழை என்று சொல்லத்தக்கது எதுவும் இந்த நிகழ்வில் என் கண்ணுக்குத் தெரியவில்லை. பிழை வேறிடத்தில் இருந்தது. அது எங்கே நுழைந்தது, ஏன் எவர் கண்ணிலும் படாமல், தடுக்கப்படாமல் போனது என்பதைப் பார்ப்பதற்காகவே இதை எழுதுகிறேன். ஒரு சமூகத்தின் சடங்கை விருந்தினருக்குக் காட்டச் சொல்லிக் கேட்பவர்கள் இன்றும் பலர் உண்டு: அரசு அலுவலர்கள், சுற்றுலா நடத்துவோர், படம் பிடிக்க வருவோர். அவர்கள் படிக்க வேண்டிய நிகழ்வு இது.

பின்னணி: தீவும் சடங்கும்

பெந்தெகொஸ்தே தீவு வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மலைத்தீவு. பிரெஞ்சு மாலுமி புகேன்வில் 1768 மே 22 அன்று, கிறித்தவர்களின் பெந்தெகொஸ்தே திருநாளில் இதைக் கண்டதால் இந்தப் பெயர் வந்தது. பண்பாட்டு வகையில் இது மெலனீசியாவைச் சேர்ந்தது. கிழக்கே விரியும் பொலினீசியத் தீவுகளுக்கு அண்டை. தீவின் தென்பகுதியில் சா மொழி பேசும் கிராமங்கள்தாம் இந்தச் சடங்குக்கு உரிமையுடையவை. அவர்கள் மொழியில் அதன் பெயர் கோல். தீவுக்கூட்டத்தின் பொதுமொழியான பிஸ்லாமாவில் நங்கோல்.

இது எப்படித் தொடங்கியது என்பதற்கு அவர்களிடம் ஒரு கதை இருக்கிறது. தமாலியே என்பவனின் மனைவி, கணவனின் தொல்லை பொறுக்காமல் காட்டுக்குள் ஓடி ஓர் ஆலமரத்தில் ஏறினாள். அவன் துரத்திக்கொண்டு மேலே வந்தான். அவள் கால்களில் கொடியைக் கட்டிக்கொண்டு குதித்தாள், பிழைத்தாள். கொடியைக் கவனிக்காமல் பின்னால் குதித்தவன் செத்தான். இனி அப்படி ஏமாறக் கூடாது என்று ஆண்கள் குதிக்கப் பழகினார்கள் என்று கதை முடிகிறது. கதையை எப்படி எடுத்துக்கொண்டாலும், கொடியைப் பற்றிய அறிவு இருந்தவள் பிழைத்தாள், இல்லாதவன் இறந்தான் என்பது அதன் நடுவிலேயே இருக்கிறது.

சடங்கு வள்ளிக்கிழங்கு அறுவடையோடு பிணைந்தது. நம் ஊர்ச் சர்க்கரைவள்ளி அன்று இது; யாழ்ப்பாணத்தார் இராசவள்ளி என்று சொல்லும் கொடிவகைக் கிழங்கின் இனம். அந்தத் தீவில் அதுவே உணவு, அதுவே மரியாதை, அதுவே காலக்கணக்கு. குதிப்பவரின் தோளோ தலைமுடியோ மண்ணைத் தொட்டுவிட்டு எழுந்தால் அடுத்த விளைச்சல் நன்றாக இருக்கும் என்பது நம்பிக்கை. இளையவர்கள் கீழ்ப்பலகைகளிலிருந்து தொடங்குவார்கள். அனுபவம் மிக்கவர் கடைசியாக உச்சியிலிருந்து குதிப்பார். ஒருவரை ஒருவர் வெல்லும் போட்டி என்று சொல்ல முடியாது. ஆனால் எந்த உயரத்திலிருந்து குதித்தார், மண்ணுக்கு எவ்வளவு அருகில் வந்தார் என்பதை ஊர் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும். பெண்கள் கீழே வரிசையாக நின்று ஆடிப் பாடிச் சீழ்க்கை அடித்து ஊக்குவிப்பார்கள்.

கோபுரத்தின் உயரம் 20 முதல் 30 மீட்டர். கிளைகள் கழித்த மரம் ஒன்றை நடுத்தண்டாகக் கொண்டு, புதிதாக வெட்டிய கம்பங்களைக் கொடியால் கட்டி எழுப்புவார்கள். ஆணி கிடையாது. வேலை சில வாரங்கள் நடக்கும். அந்த நாட்களில் ஆண்கள் பெண்களை விட்டு விலகியிருப்பார்கள். பெண்கள் கோபுரத்தின் அருகே வருவதில்லை. கோபுரத்தை ஓர் உடலாகவே எண்ணி அதன் பகுதிகளை முழங்கால், தோள், தலை என்று அழைப்பார்கள். கீழே சரிவான நிலத்தில் கல்லையும் கட்டையையும் பொறுக்கிவிட்டு மண்ணைக் கொத்திப் பொலபொலவென்று ஆக்கிவைப்பார்கள்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது துணிச்சலின் காட்சி. அருகில் சென்று பார்த்தால், விழுபவரின் வேகத்தைப் பல இடங்களில் பங்கிட்டுத் தணிக்கும் நுட்பமான ஏற்பாடு. குதிக்கும் பலகையின் தாங்குகட்டைகள், கொடி இறுகும் கணத்தில் முறிந்து பலகை கீழ்நோக்கி மடியும்படி கட்டப்பட்டிருக்கும். அதுவே இழுப்பின் ஒரு பகுதியை விழுங்கிவிடும். கோபுரமே சற்று அசைந்து கொடுக்கும். சரிவும் கொத்திய மண்ணும் மிச்சத்தை ஏற்கும். ஆனால் பெரும்பங்கு கொடியின் நீட்சிக்குத்தான்.

கொடியும் காலமும்

ஒவ்வொருவருக்கும் உரிய கொடியை அனுபவமுள்ள முதியவர் தேர்ந்தெடுப்பார். குதிப்பவரின் எடை, பலகையின் உயரம், கொடியின் பருமன் ஆகியவற்றை அளவுகோல் எதுவும் இல்லாமல் கண்ணாலும் கையாலும் பார்த்து நீளத்தை முடிவுசெய்வார். ஒரு முழம் கூடினால் தலை தரையில் மோதும். குறைந்தால் ஆள் ஊசலாகித் திரும்பிவந்து கோபுரத்தில் இடிபடுவார். கொடியின் நுனியைத் தட்டி நாராக்கி, அந்த நாரைக் கணுக்காலில் சுற்றிக் கட்டுவார்கள்.

சடங்கு நடப்பது ஏப்ரல் முதல் ஜூன் வரை. மழைக்காலம் முடிந்து, வள்ளி வெட்டத் தொடங்கும் பருவம் அது. கொடி சரியான சாறும் இழுவையும் கொண்டிருப்பதும் அப்போதுதான். காய்ந்த கொடி முறியும். பருவத்துக்கு முந்திய கொடி போதுமான அளவு நீளாது. எந்தக் கொடி எப்போது தாங்கும் என்பதை அவர்கள் தனிப்பாடமாக எழுதிவைக்கவில்லை. அறுவடைக்குப் பிறகே சடங்கு என்ற விதிக்குள்ளேயே அது அடங்கிவிட்டது. வள்ளி தயாராகும்போது கொடியும் தயார். ஒன்றுக்காகக் காத்திருந்தால் மற்றது தானாகக் கைக்கு வரும்.

பசிபிக்கின் மற்றொரு கோடியில், பொலினீசியாவின் கிழக்கு எல்லையான ராப்பா நூயியில், இதைப் போலவே உயிரைப் பணயம் வைக்கும் ஒரு சடங்குப் போட்டி 1860கள் வரை நடந்தது. ஈஸ்டர் தீவு என்று நாம் அறியும் இடம் அது. ஒரோங்கோ என்ற சடங்கூரிலிருந்து வீரர்கள் ரானோ காவ் எரிமலையின் செங்குத்தான பாறைச்சரிவில் இறங்கி, கோரைப்புல் மிதவையின் துணையோடு மோட்டு நூயி என்ற தீவுத்திட்டுக்கு நீந்துவார்கள். அங்கே ஆலா இனக் கடற்பறவை இடும் முதல் முட்டைக்காகக் காத்துக்கிடப்பார்கள். அதை உடையாமல் கொண்டுவருபவரின் தலைவருக்கு அந்த ஆண்டின் ‘பறவை மனிதர்’ என்ற பட்டம். சரிவிலும் கடலிலும் ஆட்கள் மாண்டிருக்கிறார்கள். அந்தப் போட்டியின் நாளைத் தீர்மானித்தது பறவை. பறவை வராமல் போட்டி இல்லை. எந்தத் தலைவரும் பறவையை முன்கூட்டி வரவழைக்க முடியாது. பெந்தெகொஸ்தே தீவின் சடங்கில் அத்தகைய வெளிப்படையான பூட்டு இல்லை. கொடி காட்டில் எல்லா மாதமும் தொங்கிக்கொண்டிருக்கிறது. வெட்ட வேண்டும் என்று நினைத்தால் வெட்டலாம். 1974இல் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு எனக்கு மிகவும் உதவியது.

வைக்கப்பட்ட கோரிக்கை

நியூ ஹெப்ரிடீஸ் 1906 முதல் பிரிட்டனும் பிரான்ஸும் சேர்ந்து ஆண்ட பகுதி. ஒரே நாட்டில் இரண்டு நிர்வாகம், இரண்டு காவல்துறை. அந்த மண்ணின் மக்களோ பிரிட்டிஷ் குடிமக்களும் இல்லை, பிரெஞ்சுக் குடிமக்களும் இல்லை. சட்டப்படி எந்த நாட்டின் குடியுரிமையும் இல்லாதவர்கள். இந்தத் தகவலை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அடுத்து வருவதைப் படிக்க வேண்டும்.

1974இன் தொடக்கத்தில் அரசி பசிபிக் பகுதியில் சுற்றுப்பயணம் செய்தார். அரச படகான பிரிட்டானியா நியூ ஹெப்ரிடீஸுக்கு வரவிருந்தது பிப்ரவரியில். அரசிக்குச் சுவையான பயணம் அமைய வேண்டும் என்று பிரிட்டிஷ் நிர்வாகம் விரும்பியது. அந்தத் தீவுக்கூட்டத்தில் உலகின் கண்ணை இழுக்கும் காட்சி எது என்று கேட்டால் நங்கோல்தான். அதைக் காட்டுவதென்று முடிவாயிற்று.

பயணத் தேதி அசையாதது. கப்பல், பாதுகாப்பு, அடுத்தடுத்த நாடுகள், வரவேற்புகள் என்று எல்லாம் கோத்துக் கட்டப்பட்ட சங்கிலி அது. அசையக்கூடியது என்று கருதப்பட்டது சடங்கின் தேதி. நிர்வாகம் தென்பகுதியிலிருந்த, இங்கிலாந்துத் திருச்சபையின் வழிவந்த ஆங்கிலிக்கன் மிஷன் கிராமம் ஒன்றின் மக்களிடம் பேசி, பருவம் தப்பிய அந்தக் குதிப்புக்கு அவர்களை இணங்கவைத்தது.

மிஷன் கிராமம் என்பது கவனிக்க வேண்டிய செய்தி. 19ஆம் நூற்றாண்டு முதல் வந்த கிறித்தவ ஊழியர்கள் இந்தச் சடங்கைக் கைவிடும்படி மக்களை வற்புறுத்திவந்தனர். பல ஊர்கள் கைவிட்டன. தென்கிழக்கில் புன்லாப் போன்ற ஊர்கள் மட்டும் மதம் மாறாமல் பழைய வழக்கத்தை இடைவிடாமல் காத்துவந்தன. 1970களில் நாட்டு விடுதலை பற்றிய பேச்சு வலுத்தபோது, ஒரு காலத்தில் வெட்கப்படச் சொல்லித் தரப்பட்ட இந்தச் சடங்கே தங்கள் மண்ணின் பெருமையாக மக்களுக்குத் தெரிந்தது. திருச்சபை கைவிடச் சொன்ன ஒன்றை அரசு இப்போது தன் அரசிக்குக் காட்டக் கேட்கிறது. அந்த அழைப்புக்கு ஒரு கிராமம் இணங்குவதில் எனக்கு வியப்பில்லை.

அன்று கண்டது

கோபுரம் எழுப்பப்பட்டது. கொடிகள் வெட்டப்பட்டன. விருந்தினர் வந்தமர்ந்தனர். வெளித்தோற்றத்தில் குறையேதும் இல்லை: மரம் இருந்தது, பலகை இருந்தது, ஆட்கள் இருந்தார்கள். பருவத்தில் வந்து பார்த்திருக்கும் வெளியார் ஒருவர் அன்று அங்கே நின்றிருந்தாலும் வேறுபாடு எதையும் கண்டுபிடித்திருக்க மாட்டார். பார்வைக்குத் தெரியாத ஒன்றுதான் குறைந்திருந்தது.

குதித்தவர்களில் ஒருவருக்குக் கால்களில் கட்டிய இரு கொடிகளும் இறுகிய கணத்தில் தாங்காமல் அறுந்தன. பெரிய உயரத்திலிருந்து வந்த வேகத்தோடு அவர் தரையில் மோதினார். முதுகெலும்பு முறிந்த நிலையில் அவரை எடுத்துச் சென்றார்கள். மருத்துவமனையில் இறந்தார்.

ஏன் இரண்டும் அறுந்தன

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கணக்குப் போட்டுப் பார்ப்பது பயன் தரும். பின்வருபவை அன்று அளந்த எண்கள் இல்லை. நிலைமையை விளக்க நான் எடுத்துக்கொண்ட மாதிரி.

ஒருவர் 20 மீட்டர் தடையின்றி விழுந்தால், மண்ணை நெருங்கும்போது அவர் வேகம் மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். அந்த வேகத்தைக் கொடியும் பலகையும் கோபுரமும் சேர்ந்து 4 மீட்டர் நீட்சிக்குள் தணிப்பதாக வைத்துக்கொள்வோம். அப்போது கொடிகள் தாங்க வேண்டிய சராசரி இழுவிசை அவருடைய எடையைப் போல் 6 மடங்கு. எடை 65 கிலோ என்றால் 390 கிலோ. கொடி விறைப்பாக இருந்து, நீட்சி 2 மீட்டராகச் சுருங்கினால் அதே இழுவிசை 11 மடங்காகிறது: 715 கிலோ. உயரம் மாறவில்லை, ஆளின் எடை மாறவில்லை, கட்டிய முடிச்சு மாறவில்லை. கொடியின் நீட்சி மட்டும் பாதியாகக் குறைந்தது. சுமை ஏறக்குறைய இரட்டிப்பானது. நீளாத கொடிக்கு இழைவலிமையும் குறைவாக இருந்துவிட்டால், இரு பக்கத்திலிருந்தும் ஆபத்து நெருங்குகிறது.

அடுத்தது இரண்டு கொடி என்ற ஏற்பாடு. ஒவ்வொரு காலுக்கும் ஒன்று இருப்பதால், ஒன்று போனாலும் மற்றொன்று காக்கும் என்று நினைக்கத் தோன்றும். பருவத்தில் அது உண்மைதான். ஒரு கொடியில் பூச்சி அரித்திருக்கலாம், வெட்டும்போது கீறல் விழுந்திருக்கலாம், அந்தக் குறை மற்றதில் இருக்காது. ஆனால் இரண்டும் ஒரே காட்டில், ஒரே பருவத்தில், ஒரே மழையில் வளர்ந்தவை. காலமே தவறாக இருக்கும்போது இரண்டும் ஒரே வகையில்தான் பலவீனப்படும். முதற்கொடி அறுந்த நொடியில் முழுச்சுமையும் இரண்டாவதின் மேல் விழுகிறது. அதுவும் முன்னதைப் போன்றதுதான். காப்புக்குக் காப்பு என்று நாம் எண்ணிக்கொள்ளும் பல ஏற்பாடுகள் இப்படித்தான் ஒரே வேரில் நிற்கின்றன.

பருவத்தைத் தவிர வேறு காரணம் ஏதும் கலந்திருக்கலாமா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பருவத்தில், ஆண்டுதோறும், ஊர் ஊராக, சிறுவர் முதல் முதியவர் வரை குதித்தும் அதுவரை பதிவாகாத ஒரு மரணம், பருவம் மாற்றிய அன்று நிகழ்ந்தது. எனக்கு அதைத் தற்செயல் என்று ஒதுக்க மனம் வரவில்லை.

முடிவுகளை எடுத்தவர்கள்

முதல் முடிவு நிர்வாகத்தினுடையது. அதன் உள்நோக்கம் கெட்டது என்று நான் கருதவில்லை. விருந்தாளிக்கு வீட்டில் உள்ள சிறந்ததைக் காட்ட நினைப்பது இயல்பு. ஆனால் காட்டப்போகும் பொருள் அந்த வீட்டாருடையது, நிர்வாகத்தினுடையது அன்று. சடங்கை ஒரு நடன நிகழ்ச்சியைப் போல எண்ணியதில்தான் பிசகு. நடனத்தை எந்த மாதத்திலும் ஆடலாம். ஆடுபவருக்குக் கூடுதலாக வியர்க்கும், அவ்வளவே. கொடியில் குதிப்பதற்கு மாதம் உயிர்நாடி. நிர்வாகத்தார் கோபுரத்தைப் பார்த்திருந்தார்கள், கொடியைப் பார்த்திருந்தார்கள், குதிப்பவரின் துணிச்சலைப் பார்த்திருந்தார்கள். அறுவடையும் அந்தச் சடங்கின் ஓர் உறுப்பு என்பதைப் பார்க்கவில்லை. பலகையைக் கழற்றிவிட்டுக் குதிக்கச் சொன்னால் எவரும் சிரித்திருப்பார்கள். பருவத்தைக் கழற்றிவிட்டுக் குதிக்கச் சொன்னது மட்டும் நியாயமான கோரிக்கையாகத் தோன்றிவிட்டது.

இரண்டாவது, கிராமத்தினர் இணங்கியது. இதை அவர்களின் சுதந்திரமான முடிவு என்று எழுதிவிட்டுக் கடந்துபோக என்னால் முடியவில்லை. கேட்பவர் ஆட்சியாளர். யாருக்காகக் கேட்கிறாரோ அவர் ஆட்சியாளரின் அரசி. ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்த அந்த ஊர் மக்களுக்கு இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவியான அவர் தங்கள் மதத்தோடும் தொடர்புடையவர். கேட்கப்படுபவர்களுக்கோ சொந்தமாக ஒரு குடியுரிமைகூட இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் இப்போது கொடி சரியில்லை, மே மாதம் வாருங்கள் என்று சொல்வதற்கு எவ்வளவு தெம்பு வேண்டும்! இணங்கியவர்கள் மேல் குற்றம் ஏற்றுவது முறையாகாது. மறுப்பதற்கான வாசலை யாரும் திறந்துவைக்கவில்லை என்பதே என் துணிபு.

மூன்றாவது, குதித்தவரின் முடிவு. ஊரும் விருந்தினரும் பார்த்துக்கொண்டிருக்க, பலகையின் நுனியில் நிற்கும் ஒருவர் தம் காலில் கட்டியிருப்பது எத்தகைய கொடி என்று அந்த நேரத்தில் ஆராய முடியாது. அதைத் தேர்ந்தவரை நம்பித்தான் ஒவ்வொருவரும் குதிக்கிறார். அவர் நம்பினார். அவர் செய்ய வேண்டியதைச் செய்தார்.

இதற்கிடையில் வேறு வழியே இல்லாதிருந்ததா? இருந்தன. ஆட்டமும் பாட்டமும் காட்டியிருக்கலாம். கோபுரத்தை எழுப்பி, அது கட்டப்படும் முறையை விளக்கியிருக்கலாம். அதுவே மணிக்கணக்கில் பார்க்கத்தக்கது. சடங்குக்கு இது காலமில்லை என்று சொல்லி, ஏன் இல்லை என்பதையும் அரசியிடம் எடுத்துரைத்திருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால், அந்த மக்களின் அறிவு எவ்வளவு நுண்மையானது என்பதை விருந்தினர் உண்மையாகவே தெரிந்துகொண்டிருப்பார். ஒரு தடவை குதித்துக் காட்டுவதைவிட அது பெரிய காட்சி.

பின்னர்

அதே 1974 பயணத்தை உலகம் வேறொரு காரணத்துக்காக அதிகம் நினைவில் வைத்திருக்கிறது. அரசியின் கணவர் பிலிப்பைத் தெய்வ வழிவந்தவராகப் போற்றும் டன்னா தீவுக் கிராமத்தாரின் நம்பிக்கை அந்தப் பயணத்தால் வலுப்பெற்றது. அதைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். பெந்தெகொஸ்தே தீவில் முதுகு முறிந்து இறந்தவருக்குக் கிடைத்தவை சில வரிகள். பத்திரிகைகளுக்கு விந்தை பிடிக்கும்; சாவு பிடிக்கும் என்றாலும் அது தங்கள் பக்கத்து முடிவால் நேர்ந்த சாவாக இருந்தால் அவ்வளவாகப் பிடிக்காது போலும்.

சடங்கு நிற்கவில்லை. 1980 ஜூலை 30 அன்று நாடு விடுதலை பெற்று வனுவாட்டு ஆயிற்று. நங்கோல் அந்தப் புதிய நாட்டின் அடையாளங்களில் ஒன்றானது. அதற்குச் சற்று முன்னர், 1979 ஏப்ரல் 1 அன்று, ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த சாகச விளையாட்டுக் குழுவினர் பிரிஸ்டலின் கிளிஃப்டன் தொங்குபாலத்திலிருந்து ரப்பர் கயிற்றில் குதித்தனர். பங்கி ஜம்பிங் என்று பின்னர் உலகெங்கும் பரவிய விளையாட்டின் தொடக்கம் அது. அதற்குத் தூண்டுதல் பெந்தெகொஸ்தே தீவின் கொடிக்குதிப்பு. நியூசிலாந்தில் 1988 முதல் அது கட்டணம் வாங்கும் தொழிலாகவே நடக்கிறது. அங்கே பருவத்தின் இடத்தில் பதிவேடு உட்கார்ந்திருக்கிறது: எந்தக் கயிறு எத்தனை முறை பயன்பட்டது, எப்போது கழிக்க வேண்டும், எந்த எடைக்கு எந்தக் கயிறு என்று எழுதிவைக்கிறார்கள். பதிவேட்டில் உள்ளதை மீறிக் குதிக்க எந்த விருந்தினருக்காகவும் அனுமதிக்க மாட்டார்கள். பெந்தெகொஸ்தே தீவின் மக்களிடமும் அப்படியொரு பதிவேடு இருந்தது. அது தாளில் இல்லாததால் மீறுவது எளிதாயிற்று.

சுற்றுலா வளர்ந்ததால் சடங்கைச் சுற்றிப் பணம் சேர்ந்தது. யாருக்கு எவ்வளவு என்ற சச்சரவும் உடன் வந்தது. சடங்கு வெறும் காட்சிப்பொருளாகிவிடும் என்ற கவலையில் வனுவாட்டுப் பண்பாட்டு மையம் 2006 முதல் வெளிநாட்டார் வணிக நோக்கில் படம்பிடிப்பதற்குத் தடை கொண்டுவந்தது. காட்சிக்காகச் சடங்கை வளைக்கும் கோரிக்கைகளுக்கு நாட்டின் ஓர் அமைப்பே முன்னால் நின்று மறுப்புச் சொன்னது எனக்குப் பெரிய செய்தி. தனியொரு கிராமம் 1974இல் சொல்ல முடியாததைச் சொல்ல இப்போது ஒரு வாய் இருக்கிறது.

மீண்டும் இத்தகைய கோரிக்கை வந்தால்

விருந்தினரின் நாளுக்குச் சடங்கைக் கொண்டுவரலாமா என்ற கேள்வி எழும்போது, முதலில் பேச வேண்டியவர் ஊர்த்தலைவரும் இல்லை, அலுவலரும் இல்லை. கொடி தேர்பவர் பேச வேண்டும். அவரிடம் இந்த நாளில் குதிக்க முடியுமா என்று கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் மரியாதைக்காக முடியும் என்று சொல்லிவிடுவார். இந்தச் சடங்குக்கு எப்போது வரலாம் என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லும் மாதத்தை எழுதிக்கொண்டு திரும்ப வேண்டும். கேள்வியின் அமைப்பிலேயே மறுப்புக்கு இடம் இருக்க வேண்டும்.

அவருடைய சொல்லை மாற்றும் அதிகாரம் வேறு எவருக்கும் இருக்கக் கூடாது. கோபுரம் எழுந்துவிட்டது, கப்பல் வந்துவிட்டது, கூட்டம் சேர்ந்துவிட்டது என்பதெல்லாம் அவருக்கு எதிரான வாதங்களாகிவிடக் கூடாது. பணமும் அப்படியே. குதித்தால்தான் பணம் என்று பேசியிருந்தால், அன்று காலையில் கொடியைத் தொட்டுப் பார்த்து வேண்டாம் என்று நினைத்தவரும் வாயைத் திறக்க மாட்டார். விருந்தினர் வந்து போவதற்கே பணம் என்று வைத்துவிட்டால், குதிப்பதா வேண்டாமா என்பது மீண்டும் ஊரின் கைக்கு வந்துவிடும்.

காட்டச் சொல்லிக் கேட்பவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு. நாம் எதை அசையாதது என்று வைத்திருக்கிறோம், எதை அசைக்கலாம் என்று நினைக்கிறோம்? 1974இல் அச்சிட்ட பயணத்திட்டம் அசையாததாகவும் ஓர் அறுவடைப் பருவம் அசையக்கூடியதாகவும் கருதப்பட்டன. இரண்டில் எது மனிதர் எழுதியது என்று ஒருவர் கேட்டிருந்தாலே போதும்.

காயம்பட்டவரை எடுத்துச் செல்லும் ஏற்பாடு, அருகில் மருத்துவர் ஆகியவையும் தேவைதான். ஆனால் அவற்றை முதலில் வைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த உயரத்திலிருந்து கொடியின்றி விழுபவரை மருத்துவர் அருகில் இருப்பது அநேகமாகக் காப்பாற்றாது. காப்பாற்றக்கூடியது குதிப்பதற்கு முன்னால், வாரங்களுக்கு முன்னால், காட்டில் கொடி வெட்டப்போகும்போது நடக்கும் பேச்சு.

இன்று அந்தத் தீவுக்குப் போக விரும்புவோரிடம் ஏப்ரல் முதல் ஜூன் வரை வரச் சொல்கிறார்கள். பிப்ரவரியில் போய் இறங்குபவர் கோபுரத்தைப் பார்க்க முடியாது. அந்த மாதத்தில் வள்ளி இன்னும் மண்ணுக்குள் பருத்துக்கொண்டிருக்கும்.